இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரம் கிலோமீட்டர்

"கார் வாங்கறதுன்னா மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போவாங்க. துப்பறியற ஆபீசுக்கு வந்திருக்கீங்க. வழி மாறிட்டீங்களா சிஸ்டர்?"

கேட்டவன் ஹாரன். அது அவன் பெயர் அல்ல. வாயைத் திறந்தால் மூடுவதில்லை என்பதால் வந்த பட்டம். டிரைவிங் ஸ்கூல் நடத்தி, மாணவர்களுக்கு கியரைவிட அதிகமாக ஜோக்குகளைக் கற்றுக்கொடுத்து, பள்ளியை இழுத்து மூடியவன். நாற்பத்தாறு வயதில் இப்போது தன் அண்ணன் மனைவிக்கு உதவியாளன்.

அந்த அண்ணன் மனைவியைத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிட்டது. பத்தொன்பது வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தவள். நசுங்கிய வண்டிகளைச் சுற்றி வந்து, எந்தப் பள்ளம் விபத்தில் விழுந்தது, எது சுத்தியலில் விழுந்தது என்று சொல்வது அவள் வேலை. அதை விட்டுவிட்டு, சாவி செய்யும் கடைக்கு மேலே ஒற்றை அறையில் போர்டு மாட்டி ஆறு வருஷம் ஆகிறது.

எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து இருக்கலாம். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் லேப் டெக்னீஷியன். மடியில் சின்ன ஐஸ் பெட்டி. அதன் மூடியைப் பிடித்திருந்த விரல்களின் நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன.

"மெயின் ரோட்டுல பழைய கார் விக்கிற யார்டு ஒண்ணு இருக்கு. வாசல்லேர்ந்து மூணாவதா ஒரு சாம்பல் கலர் கார். எட்டு வருஷப் பழசு. ரெண்டு லட்சத்து முப்பத்தோராயிரம் ஓடியிருக்கு. வாங்கலாமா வேண்டாமான்னு பார்த்துச் சொல்லணும்."

"ரெண்டு லட்சத்து முப்பத்தோராயிரமா! சிஸ்டர், அது கார் இல்ல, ரிட்டயர்மென்ட் வாங்க வேண்டிய ஆளு" என்றான் ஹாரன்.

அவள் சிரிக்கவில்லை. "பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்க. என்னைப் பத்தி அங்க எதுவும் சொல்ல வேண்டாம். மத்தியானம் ரெண்டு மணிக்கு நானே யார்டு வாசலுக்கு வர்றேன்."

முன்பணத்தை மேஜையில் வைத்துவிட்டு, ரத்தம் கெட்டுப்போகும் முன் லேப் போக வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

"அண்ணி, இந்தம்மா வண்டி என்ன விலைன்னு சொல்லல. ஏசி வேலை செய்யுதான்னு கேக்கல. ஆனா கிலோமீட்டரை மட்டும் பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கிற மாதிரி சொல்லுது."

"நானும் கவனிச்சேன். கிளம்பு" என்றாள் அண்ணி.

*

யார்டில் முப்பது கார்கள் முகம் கழுவி நின்றன. டீலர் வெள்ளைச் சட்டை போட்டு, நல்ல மனிதராகத் தெரிவதற்கு நிறையச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார்.

"கொழுந்தனுக்கு ஒரு வண்டி பார்க்கணும். அந்தச் சாம்பல் கலர் எப்படி?" என்றாள் அண்ணி.

"மேடம், என்கிட்ட ஒளிவு மறைவே கிடையாது. ஒரே ஓனர். ஆனா ரொம்ப ஓடின வண்டி. மீட்டரை நீங்களே பாருங்க. சர்வீஸ் புத்தகம்கூட அப்படியே இருக்கு, அதுலயும் இதே கணக்குதான் வருது. குறைச்சு வெச்சு உங்களை ஏமாத்தலாம், நான் ஏமாத்தல பாருங்க."

"நீங்க ஏமாத்தலைங்கறதையே ஒரு தள்ளுபடி மாதிரி சொல்றீங்களே" என்றான் ஹாரன்.

அண்ணி முன்கதவைத் திறந்தாள். உட்காரவில்லை. குனிந்து பெடல்களைப் பார்த்தாள். கிளட்ச், பிரேக் இரண்டின் ரப்பரிலும் வரிகள் புதுச் சீப்பின் பற்களைப் போல நிமிர்ந்து நின்றன. ஆக்ஸிலேட்டர் மட்டும் நசுங்கியிருந்தது. கால் பட்டுத் தேய்ந்தால் வழவழவென்று வளைவாகத் தேயும். இது நாலு மூலையும் கூராக, பெட்டி வைத்து அழுத்தியதைப் போல அமுங்கியிருந்தது. அதற்குக் கீழே தரைவிரிப்பின் இடுக்கில் விரலை விட்டாள். விரல் நுனி சிவப்பாக வந்தது.

"அண்ணி, ரத்தமா?"

"செங்கல் தூள்."

ஸ்டீயரிங்கின் சொரசொரப்பு போகவில்லை. டிரைவர் சீட்டின் ஓரம் கல்லாக நின்றது. டயர்களைப் பார்த்தாள். ரப்பர் லேசாக வெடித்திருந்தது, ஆனால் தேயவில்லை. ஓரத்தில், எந்த வாரம் எந்த வருஷம் செய்தது என்று சொல்லும் நாலு எண்கள். நாலு டயரிலும் ஒரே எண், கார் பிறந்த அதே வருஷம்.

"ரெண்டு லட்சத்து முப்பத்தோராயிரத்தை ஒரே செட் டயர்ல ஓட்டியிருக்காரு. அந்த டயரைக் கோவில்லதான் வைக்கணும்" என்றான் ஹாரன்.

"ஒரு சுத்து ஓட்டிட்டு வா."

டீலர் பக்கத்தில் உட்கார, ஹாரன் மெயின் ரோட்டில் ஒரு சுற்று போய் வந்தான். இறங்கும்போது அவன் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. டிரைவிங் ஸ்கூல்காரனின் காதுகள் வேலை செய்திருந்தன. "வேடிக்கையா இருக்கு அண்ணி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு எல்லாம் வெண்ணெய். அஞ்சாவது கியர்ல போட்டா மட்டும் ஒப்பாரி வைக்குது. இன்ஜினும் கிழம். ஆனா குலுங்கவே இல்ல. அடியில எல்லாம் புதுசு."

இந்த இடத்தில்தான் அண்ணி அந்தத் தவறைச் செய்தாள்.

பத்தொன்பது வருஷமாக வண்டிகளைப் பார்த்தவளுக்கு இப்படி ஒரு வண்டி இதற்கு முன் சிக்கியதில்லை. அந்தச் சந்தோஷத்தில், டீலர் இரண்டடி தள்ளி நிற்பதை மறந்து, வாய்விட்டுச் சொன்னாள்.

"மீட்டரைக் குறைச்சு வெச்ச வண்டி ஆயிரம் பார்த்திருக்கேன். கூட்டி வெச்ச வண்டி இதுதான் முதல் தடவை. எழுதி வெச்சுக்கோ ஹாரன். இந்த வண்டி ரோட்டுல இருபத்திரெண்டாயிரத்துக்கு மேல ஒரு அடிகூட ஓடல."

"கல்யாணத்துக்கு வயசைக் குறைக்கிறவன் உண்டு. கூட்டிச் சொன்ன மாப்பிள்ளையை இப்பத்தான் பார்க்கிறேன்."

டீலரின் கண்கள் ஒரு கணம் மின்னி அடங்கின. "அப்படியா மேடம்? நெஜமாவா? இருபத்திரெண்டா?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

அண்ணி அவரைக் கவனிக்கவில்லை. தரையில் மண்டியிட்டுக் காரின் அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்சக்கரங்களுக்குப் பின்னால், கதவுக்குக் கீழே ஓடும் இரும்பு விளிம்பில், இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் பெயின்ட் போய் இரும்பு பளபளத்தது. பஞ்சர் ஒட்ட ஜாக்கி வைத்தால் ஒரு கீறல் விழும். இது வருஷக்கணக்காகத் தினமும் தூக்கி நிறுத்திய தழும்பு.

இதை மட்டும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பழைய ஓனரின் முகவரியைக் குறித்துக்கொண்டு கிளம்பினாள்.

*

முகவரியில் இருந்தது மாடி வைத்த பழைய வீடு. ஓனர் இப்போது அங்கே இல்லை. பெரிய வீடு கட்டிக்கொண்டு போய்விட்டாராம். மாடியில் குடியிருந்த டியூஷன் டீச்சர்தான் இப்போது கீழேயும் சேர்த்து வாடகைக்கு எடுத்திருந்தாள். கார் ஷெட்டில் எட்டு பெஞ்சுகள் போட்டு வகுப்பு நடத்தினாள்.

"காரை வாங்கலாமான்னு பார்க்கிறோம். ஓனர் எப்படி வெச்சிருந்தாருன்னு தெரியணும்" என்றாள் அண்ணி.

"ஐயோ, தங்கமா வெச்சிருந்தாரு. வெளியவே எடுக்க மாட்டாரே!"

ஹாரன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி ஷெட்டின் பின்சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்புச் சுவரில், முழங்கால் உயரத்தில், வண்டிச் சக்கரம் அளவுக்குக் கன்னங்கரேல் என்று ஒரு வட்டம். அதிலிருந்து புகை மேலே ஏறிய தடம் கூரை வரைக்கும் போனது.

"அதுவா? எத்தனை தடவை தேய்ச்சும் போகல. அதுக்கு மேலதான் கரும்பலகையை மாட்டினேன், பாதி மறையட்டும்னு. தினம் காலையில ஆறு மணிக்கு காரை ஸ்டார்ட் பண்ணுவாரு. எட்டரை வரைக்கும் ஓடும். எனக்கு அலாரமே வேண்டாம். ஒருநாள் என்னதான் பண்றாருன்னு எட்டிப் பார்த்தேன். உள்ள யாருமே இல்ல! முன்சக்கரம் ரெண்டையும் ஸ்டாண்டுல தூக்கி வெச்சிருக்கு. ஆக்ஸிலேட்டர் மேல ஒரு செங்கல். சக்கரம் பாட்டுக்கு அந்தரத்துல சுத்துது. அவரு வாசல்ல உக்காந்து பேப்பர் படிக்கிறாரு."

"ஏன் சார்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். இன்ஜினுக்கு உடற்பயிற்சின்னாரு."

"நான்கூட அப்படித்தான் டிரெட்மில்லுல செங்கல்லை வெச்சிட்டு டிவி பார்ப்பேன்" என்றான் ஹாரன்.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. "அவருக்கு என்ன வேலை?"

"பாய்லர் ஆபீசர். ஃபேக்டரி ஃபேக்டரியாப் போய் பாய்லரைச் சோதிச்சு சர்டிபிகேட் குடுப்பாரே, அந்தக் கம்பெனியில. மாசம் பூரா டூர்னு சொல்லிக்குவாரு. போற தூரத்துக்குக் கிலோமீட்டர் கணக்குல கம்பெனி குடுக்கும். இப்ப பெரிய பதவி ஆயிடுச்சு."

போன வருஷம் சாயப் பட்டறை ஒன்றில் பாய்லர் வெடித்து மூன்று பேர் செத்த செய்தி அண்ணிக்கும் ஹாரனுக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

"டீச்சர், நீங்க பார்த்ததை ஒரு காகிதத்துல எழுதிக் குடுக்க முடியுமா?"

அவள் முகம் அப்போதுதான் மாறியது. சுவரைப் பார்த்தாள், பெஞ்சுகளைப் பார்த்தாள். "எதுக்கு? கார் வாங்கத்தானே கேட்டீங்க? வீட்டு ஓனர் அவரு. எட்டு பிள்ளைங்களை வெச்சிக்கிட்டு நான் எங்க போவேன்? நான் எதுவும் பார்க்கல. அந்தக் கறையைக்கூட அடுத்த வாரம் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்காரு."

*

இரண்டு மணிக்கு யார்டு வாசலில் சிஸ்டர் நின்றிருந்தாள். ஐஸ் பெட்டி இல்லை. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதக் கட்டு.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. "அந்தப் பாய்லர் வெடிப்புல செத்தது உங்களுக்கு யாரு?"

"வீட்டுக்காரரு. அவர்தான் ஆபரேட்டர்."

நிழலில் நின்று அவள் சொன்னாள். அழவில்லை. பலமுறை சொல்லிச் சொல்லி ஈரம் வற்றிப்போன குரல்.

"ஆவியை வெளிய விடற வால்வு இறுகிப்போய் ரொம்ப மாசமாச்சுன்னு வீட்டுல சொல்லிக்கிட்டே இருந்தாரு. சோதிக்கிற ஆபீசர் வரட்டும், அவர்கிட்ட சொல்றேன்னாரு. ஆபீசர் வரவே இல்ல. ஆனா விசாரணையில, மாசா மாசம் வந்ததா லாக்புக் காட்டினாங்க. கார் மீட்டர் எண் வரிசையா எழுதியிருக்கு. சர்டிபிகேட் இருக்கு. கேட் திறந்துவிட்டேன்னு வாட்ச்மேன் சாட்சி இருக்கு; பொய் சொல்ற ஆள் இல்ல அவரு, வேற வண்டியைப் பார்த்து ஏமாந்திருப்பாரு. வெடிச்சதுக்கு முந்தின மாசம் வரைக்கும் எல்லாம் சரியா இருந்துச்சு, கடைசி நாள் ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு முடிச்சுட்டாங்க. கூடச் செத்த ரெண்டு பேரோட வீட்டுக்காரங்களும் என்னைப் பார்த்தா காறித் துப்பறாங்க. என் பொண்ணை ஸ்கூல்ல, அப்பா ஆளைக் கொன்னவருன்னு சொல்றாங்க."

"இதைக் காலையிலயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா எனக்காகத் தேடியிருப்பீங்க. விசாரணையில எல்லாரும் யாருக்காகவோதான் தேடினாங்க. ஒருத்தராவது சும்மா பார்த்துச் சொல்லட்டும்னு நெனச்சேன். போன வாரம் இந்த வழியா வந்தப்போ நம்பரைப் பார்த்தேன். லாக்புக்ல படிச்சுப் படிச்சு மனப்பாடம். இப்ப சொல்லுங்க. வாங்கலாமா?"

அண்ணி உள்ளே நின்ற காரைக் காட்டினாள். "வாங்குங்க. உடனே வாங்குங்க. அந்த மீட்டர் ஒரு எண் சொல்லுது, வண்டி வேற எண் சொல்லுது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா அந்த ஆபீசர் வீட்டை விட்டே நகரலைன்னு எந்த நிபுணரும் சொல்லுவாரு."

மூவரும் உள்ளே போனார்கள். டீலர் ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"மேடம்! உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். நீங்க சொல்லலைன்னா நான் நஷ்டத்துக்கு வித்திருப்பேன். பாருங்க இப்ப!"

கதவைத் திறந்து சாவியைத் திருப்பினார். மீட்டரில் எண்கள் ஒளிர்ந்தன. இருபத்திரெண்டாயிரம்.

அண்ணி குனிந்து பெடல்களைப் பார்த்தாள்.

"லேப்டாப் வெச்சிருக்கிற ஆளு ஒருத்தரு இருக்காரு. சாப்பாட்டு நேரத்துல வந்தாரு, பத்தே நிமிஷம். நீங்க சொன்ன அதே எண்ணு! உண்மையைத்தானே போட்டிருக்கேன்? இதுல என்ன தப்பு? பெடல் ரப்பர் மூணையும் புதுசு மாத்திட்டேன். உள்ள வாக்யூம் போட்டாச்சு. விலை மட்டும் கொஞ்சம் கூடும்."

"சர்வீஸ் புத்தகம்?" என்றாள் அண்ணி.

"அதுல பழைய கணக்கு இருக்கே, எதுக்கு வம்பு? கிழிச்சுப் போட்டாச்சு."

ஹாரன் செல்போனை எடுத்தான். "காலையில மீட்டரைப் போட்டோ எடுத்தேன் அண்ணி. இருக்கு."

"அந்த எண்ணு அவங்க லாக்புக்லயே இருக்குதே" என்றாள் சிஸ்டர் அமைதியாக. "போட்டோ காட்டினா, பாருங்க, லாக்புக் சரிதான்னு சொல்லுவாங்க. வண்டியைக் காட்டினா, யார்டுல எல்லாத்தையும் மாத்திட்டாங்கன்னு சொல்லுவாங்க."

வக்கீல்களோடு ஒரு வருஷம் அலைந்தவளுக்கு அதைச் சொல்லித்தர யாரும் தேவைப்படவில்லை.

அண்ணி டீலரை அடிக்கக்கூடக் கையை ஓங்கியிருப்பாள். ஆனால் அந்த எண்ணைச் சொன்ன வாய் டீலருடையது அல்ல. வாழ்நாளில் ஒருமுறை அந்த ஆள் மீட்டரில் உண்மையை எழுதியிருந்தார். எழுதும்படி சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

"என்னாலதான்" என்றாள். "மன்னிப்புக் கேக்கறதுக்குக்கூட எனக்கு வாய் இல்ல."

சிஸ்டர் சாம்பல் நிறக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டீலரிடம் திரும்பினாள். "ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டுத் தரலாமா? கொஞ்சம் தூரம்."

"தாராளமா! சாயங்காலத்துக்குள்ள வந்தாப் போதும்."

ஹாரன் தன் ஸ்கூட்டரையும் ஆதார் அட்டையையும் அடமானம் போல அங்கே விட்டுவிட்டு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தான். "எங்க போகணும் சிஸ்டர்?"

"எண்பத்திரெண்டு கிலோமீட்டர். அந்த ஃபேக்டரிக்கு."

*

பெரிய ரோட்டில் அஞ்சாவது கியர் அழுதுகொண்டே வந்தது. கடைசி ஆறு கிலோமீட்டர் கல் லாரிகள் உழுது போட்ட பாதை. சரளை தெறித்து அடிவயிற்றில் படபடவென்று அடித்தது. எட்டு வருஷத்தில் அந்த வண்டி வாங்கிய முதல் அடி.

"எதுக்கு இங்க?" என்று அண்ணி ஒருமுறை கேட்டாள்.

"தெரியல. எண்பது தடவை வந்ததா எழுதியிருக்காங்க. ஒரு தடவையாவது வரட்டும்" என்றாள் சிஸ்டர்.

ஃபேக்டரி வாசலில் இரும்புக் கேட். உள்ளே பழைய பாய்லர் அறை இருந்த இடத்தில் புதுத் தகரக் கூரை வெயிலில் மின்னியது. காவலறையிலிருந்து தடித்த பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வாட்ச்மேன் வந்தார். அறுபதை நெருங்கும் ஆள், சட்டைப் பையில் இரண்டு பேனா. பின்சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அடடே, தங்கச்சியா! கார் வாங்கிட்டியாம்மா? சொல்லவே இல்ல பாரு!"

"சும்மா ஓட்டிப் பார்க்க எடுத்தோம் அண்ணே."

"நல்ல வண்டியாத் தெரியுதே." அவர் காரைச் சுற்றி வந்தார். பானெட்டைத் தட்டிப் பார்த்தார். "நல்லா வெச்சிருந்திருக்காங்க. யாரு வண்டிம்மா இது?"

ஹாரன் வாயைத் திறந்தான். அண்ணி அவன் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். நகம் பதிகிற பிடி. காலையில் திறந்த வாய்க்கு அவள் இப்போதுதான் பூட்டுப் போட்டாள்.

"தெரிஞ்சவங்க வண்டி" என்றாள். "உள்ள வரலை. இங்கயே நிக்கறோம்."

"இங்க நின்னாலும் எழுதணும்மா. வெடிப்புக்கு அப்புறம் சட்டம் போட்டுட்டாங்க. நம்பர், நேரம், இதுக்கு முன்னாடி வந்த வண்டியா புது வண்டியா, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடணும்."

பதிவேட்டைப் பானெட் மேல் விரித்தார். நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். நேரம் எழுதினார். கடைசிக் கட்டத்தில், கொஞ்சமும் தயங்காமல், 'புது வண்டி' என்று எழுதி, அடியில் தன் கையெழுத்தைப் போட்டார்.

அண்ணி இறங்கி வந்து மை காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஹாரனைப் பார்த்தாள். அவன் செல்போனில் அந்தப் பக்கத்தை மூன்று முறை படம் எடுத்தான்.

"எதுக்கு சார் போட்டோ?"

சிஸ்டரும் இறங்கியிருந்தாள். அவளுக்கு இப்போதுதான் புரிந்திருந்தது. வெளுத்த முகத்தோடு உறையிலிருந்து ஒரு காகிதத்தை உருவி, பதிவேட்டின் பக்கத்தில் வைத்தாள். விசாரணையில் வாட்ச்மேன் கொடுத்த வாக்குமூலத்தின் நகல்.

"அண்ணே, இதுல ஒரு கார் நம்பர் இருக்கு. படிங்க."

அவர் படித்தார். உதடு அசைந்தது. பதிவேட்டைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். மாதம் தவறாமல் வந்தது, நானே கேட் திறந்துவிட்டேன் என்று தான் சத்தியம் செய்த கார், தன் கைக்கடியில் சூடாக நின்றுகொண்டிருந்தது.

"தங்கச்சி..."

"இந்த வண்டியை நீங்க பார்த்ததே இல்லையா அண்ணே?"

அவர் உள்ளங்கையை விரித்து அந்தப் பக்கத்தின் மேல் வைத்தார். மறைப்பதற்கா, விழாமல் பிடித்துக்கொள்வதற்கா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"ஆபீஸ்ல டைப் அடிச்சுக் குடுத்தாங்கம்மா. படிக்கக்கூட இல்ல. கையெழுத்துப் போடு, இல்லைன்னா நாளைக்கு வராதேன்னாங்க. என் பொண்ணுக்கும் இங்கதான் வேலை. செத்தவரு திரும்பி வரப் போறாரா, இருக்கறவங்க பொழைக்கட்டும்னு..."

"அவரைத் தூக்கிட்டு ஓடினது நீங்கதானே? ஆஸ்பத்திரி வரைக்கும் மடியில வெச்சுக்கிட்டு வந்தீங்களே?"

"ஆமாம்மா."

"வழியில ஏதாவது பேசினாரா? இத்தனை நாள் கேட்டேன், இல்லைன்னே சொன்னீங்க."

ஒரு கல் லாரி தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. தூசி அடங்கியபின் வாட்ச்மேன் சொன்னார்.

"ஆபீசர் வந்துட்டாரான்னு கேட்டாரு. வால்வைக் காட்டணும்னாரு."

சிஸ்டர் கண்ணை மூடித் திறந்தாள். "கையை எடுங்க அண்ணே."

அவர் எடுத்தார். பதிவேட்டைக் கிழிக்கவில்லை. அதை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு காவலறைக்கு நடந்தார். உள்ளே போனவர் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"பதிவேட்டைக் கோர்ட் மூலமா நாளைக்கே கேக்கச் சொல்லுங்க உங்க வக்கீலை" என்றாள் அண்ணி. "அவர் கையெழுத்து, அவர் எழுத்து. லாக்புக்கும் சர்டிபிகேட்டும் இதோட சேர்ந்து விழும். நீங்க ஜெயிப்பீங்க. காரை மட்டும் வாங்காதீங்க. இன்ஜின் முடிஞ்சுபோச்சு."

ஹாரன் காரைத் திருப்பினான். சிஸ்டர் பின்சீட்டில் வாக்குமூல நகலை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சுட்டோம் சிஸ்டர்" என்றான் ஹாரன், கண்ணாடியில் அவளைப் பார்த்து. "கொஞ்சமாவது சிரிங்க."

"இன்னிக்குக் காலையில வரைக்கும்" என்றாள் அவள், "அந்த ஃபேக்டரியில எனக்குன்னு ஒரே ஒரு ஆள் இருந்தாரு."